லீக்கில் பழகிய மாற்றமே பிளேஆஃபில் கைகொடுக்கும்: தென்னாப்பிரிக்காவில் கூடைப்பந்து அணி நடத்தும் நம்மவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2019-20 சீசனில் மில்வாக்கி பக்ஸ் அணி லீக் கட்டத்தில் 73 ஆட்டங்கள் ஆடி 56-ஐ வென்றது. அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் அந்த வருடம் அதைவிட நல்ல கணக்கு யாருக்கும் இல்லை. ஆனால் லீக் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபின் இரண்டாவது சுற்றில் மயாமி ஹீட் அவர்களை 4-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த சீசனில் அதே பக்ஸ், அதே கோச் மைக் புடன்ஹோல்சர். இந்த முறை 72 ஆட்டங்களில் 46 வெற்றிதான். லீக் கணக்கு இறங்கிவிட்டது. ஆனால் அதே மயாமியை முதல் சுற்றில் 4-0 என்று முடித்தார்கள், 2021 ஜூலையில் கோப்பையையும் தூக்கினார்கள்.

நடுவே ஆட்கள் மாறியிருந்தார்கள் என்பது உண்மை. ஜ்ரூ ஹாலிடே வந்தார், 2021 மார்ச்சில் பி.ஜே. டக்கர் வந்தார். ஆனால் கோச்சின் அணுகுமுறையும் மாறியிருந்தது. அதுவரை எந்த எதிரணி வந்தாலும் ஒரே தற்காப்பு என்று பிடித்த பிடியில் நின்றவர், அந்த சீசனின் லீக் ஆட்டங்களிலேயே வேறு முறைகளை இறக்கிப் பார்த்தார். வெற்றிக் கணக்கு குறைந்ததற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிளேஆஃபில் அவர் கையில் இரண்டு மூன்று ஆயுதங்கள் இருந்ததற்கு அந்தச் சோதனைகள்தான் காரணம்.

டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேஷியா என்று நம்மவர்கள் இருக்கும் பக்கமெல்லாம் பள்ளி அணியோ கோயில் இளைஞர் அணியோ யாராவது ஒருவர் கையில் இருக்கிறது. பெரும்பாலும் கிரிக்கெட்டிலோ கால்பந்திலோ வளர்ந்து, பிள்ளைகளுக்காகக் கூடைப்பந்துக்கு வந்தவர்கள். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "லீக்கில் நல்லாத்தான் ஆடுறோம், பிளேஆஃப் வந்தா ஏன் முடங்கிப்போறோம்?" என் பதில்: நீங்கள் ஆட்டத்தை மாற்றப் பழகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். தோற்றாலும் தாங்கக்கூடிய லீக் நாட்களில் பழகாத மாற்றம், தோற்கக்கூடாத நாளில் வராது. அதை எப்படிப் பழகுவது, அதனால் வாய்ப்பு எவ்வளவு கூடும், எங்கே அது பலிக்காது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: உங்கள் பிளேஆஃப் எப்படிப்பட்டது என்று முதலில் கேளுங்கள்

ஒரு கோச் மூன்று இடங்களில் மாறலாம். ஆட்டத்துக்குள்ளேயே மாறலாம், ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே மாறலாம், ஒரு சீசனிலிருந்து அடுத்த சீசனுக்கு மாறலாம். இதில் எது உங்களுக்கு அதிகம் பயன்படும் என்பது போட்டியின் அமைப்பைப் பொறுத்தது.

என்பிஏ பிளேஆஃப் ஏழு ஆட்டத் தொடர். ஒரே எதிரணியோடு நான்கு முதல் ஏழு முறை மோத வேண்டும். தோற்ற ராத்திரி வீடியோ பார்த்து, மறுநாள் பயிற்சியில் சரிசெய்து, அடுத்த ஆட்டத்தில் பதில் சொல்லலாம். ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக் வேறு மாதிரி. 2025-இல் 12 அணிகள் மூன்று பிரிவுகளில் ஆடின. 8 அணிகள் பிளேஆஃபுக்கு வந்தன. அந்த வருடம் பிளேஆஃபும் இறுதி ஆட்டமும் நம் பிரிட்டோரியாவிலேயே, சன்பெட் அரீனாவில் நடந்தன. லிபியாவின் அல் அஹ்லி டிரிப்போலி, அங்கோலாவின் பெட்ரோ டி லுவாண்டாவை வென்று கோப்பையை எடுத்தது. அங்கே காலிறுதி என்றால் ஒரே ஆட்டம். தோற்றால் மறுநாள் என்று ஒன்று கிடையாது.

நம் பள்ளி, சமூக லீக் போட்டிகளும் இந்த இரண்டாவது வகைதான். காலையில் காலிறுதி, மதியம் அரையிறுதி என்று ஒரே நாளில் முடிப்பதும் உண்டு. ஆகவே வீடியோ பார்த்து மறுநாள் மாற்றும் திறமையைவிட, 3-வது குவார்ட்டரில் (ஆட்டத்தின் நான்கு கால் பகுதிகளில் மூன்றாவதில்) நிற்கும்போதே மாற்றும் திறமைதான் நமக்குப் பெரிது. என்பிஏ கோச்சுகளைப் பற்றிப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இரண்டு நாளில் செய்வதை நாம் ஒரு நிமிட டைம்-அவுட்டில் செய்ய வேண்டியிருக்கிறது.

படி 2: வாய்ப்பு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போடுங்கள்

கணக்கு என்றால் பயப்பட வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும். உங்களுக்கும் எதிரணிக்கும் சமபலம், ஆட்டத்துக்கு வெற்றி வாய்ப்பு 50 சதவீதம் என்று வையுங்கள். எட்டு அணி நாக்-அவுட்டில் கோப்பைக்கு மூன்று ஆட்டம் தொடர்ந்து வெல்ல வேண்டும். 0.5-ஐ மூன்று முறை பெருக்கினால் 12.5 சதவீதம். இப்போது கோச்சின் சமயோசிதத்தால் ஒவ்வோர் ஆட்டத்திலும் வாய்ப்பு 55 ஆகிறது என்றால் 16.6 சதவீதம். 60 ஆனால் 21.6. ஆட்டத்துக்கான வாய்ப்பு 50-லிருந்து 60 சதவீதம் ஆனால் கோப்பை வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகிறது.

தொடராக ஆடினால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆட்டத்துக்கு 55 சதவீதம் இருக்கும் அணி, மூன்று ஆட்டத் தொடரை 57.5 சதவீதமும் ஏழு ஆட்டத் தொடரை 61 சதவீதமும் வெல்லும். 60 இருந்தால் 65, 71. தொடர் நீள நீளச் சின்ன முன்னிலை பெரிதாகிறது.

பிளேஆஃபுக்குள் நுழையவே போராடும் அணிக்கும் இதே கணக்குதான். என்பிஏ-வின் பிளே-இன் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 7, 8-வது இடத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு வாய்ப்பு, ஒன்றை வென்றால் போதும். 50 சதவீத அணிக்கு அது 75, 55 சதவீத அணிக்கு ஏறத்தாழ 80. ஆனால் 9, 10-வது இடத்தில் இருப்பவர்கள் இரண்டையும் வெல்ல வேண்டும்: 25 சதவீதம் 30 ஆகும், அவ்வளவுதான். கோச் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் லீக் பட்டியலில் எந்த இடத்தில் முடித்தீர்கள் என்பதை அது மாற்றாது. சோதனை செய்கிறேன் என்று லீக் ஆட்டங்களை அள்ளி இறைக்கவும் கூடாது.

அந்த 5 சதவீதமும் 10 சதவீதமும் எங்கிருந்து வரும்? என்பிஏ-வில் எதிரணியைவிட 3 புள்ளி வலுவான அணி ஏறத்தாழ 60 சதவீத ஆட்டங்களை வெல்கிறது. மூன்று புள்ளி என்றால் ஒரே ஒரு த்ரீ பாயின்டர், அல்லது எதிரணிக்குத் தராமல் தடுத்த ஒன்றிரண்டு லேஅப் (கூடைக்கு மிக அருகிலிருந்து போடும் ஷாட்). சரியான நேரத்தில் செய்த ஒரு மாற்றம் அந்த மூன்று புள்ளியைத் தரக்கூடியதுதான்.

படி 3: ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

இதுதான் என் கணக்கில் மிக முக்கியமான படி, கொஞ்சம் நின்று பார்ப்போம். கோச் ஆட்டத்தை மாற்றத் தெரிந்தவரா இல்லையா என்பதை நினைவை வைத்துச் சொல்லக்கூடாது. ஜெயித்த ஆட்டத்தில் செய்த மாற்றம் எல்லாம் மேதைமையாகத் தெரியும், தோற்ற ஆட்டத்தில் செய்தது எல்லாம் குழப்பமாகத் தெரியும். எழுதி வைத்தால்தான் உண்மை தெரியும்.

பெஞ்சில் உட்காரும் ஒரு பிள்ளையிடமோ பெற்றோரிடமோ நோட்டைக் கொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி. எடுத்துக்காட்டாக ஒரு வரி இப்படி இருக்கும்:

3-வது குவார்ட்டர், 6:40 பாக்கி. எதிரணி தொடர்ந்து 8 புள்ளி. எப்படி: நான்கு முறையும் வலது பக்கப் பிக் அண்ட் ரோல். மாற்றம்: 2-3 ஜோன். எதிரணியின் அடுத்த 8 பந்து: 5 புள்ளி, 2 டர்னோவர்.

பிக் அண்ட் ரோல் என்றால் ஒருவர் தன் உடலால் தற்காப்பாளரை மறித்துவிட்டுக் கூடைப் பக்கம் ஓடுவது. ஆளுக்கு ஆள் காப்பது மேன்-டு-மேன், ஆளுக்குப் பதில் இடத்தைக் காப்பது ஜோன். 2-3 என்றால் முன்னால் இருவர், பின்னால் மூவர். ஷாட் போடாமலே பந்தை இழப்பது டர்னோவர். இங்கே "பந்து" என்றால் ஒரு அணி பந்தைக் கையில் எடுத்து, ஷாட் போட்டோ இழந்தோ அது எதிரணிக்குப் போகும் வரை உள்ள ஒரு முறை. பள்ளி ஆட்டத்தில் நாமே எண்ணிவிடலாம். ஸ்கோர் ஷீட் மட்டும் இருந்தால் போட்ட ஷாட்டுகள், கழித்தல் தன் ஷாட் தவறியபின் தானே திரும்பப் பிடித்த ரீபவுண்ட், கூட்டல் டர்னோவர், கூட்டல் ஃப்ரீ த்ரோக்களில் 0.44 பங்கு என்று போட்டால் கிட்டத்தட்ட சரியாக வரும்.

ஏழெட்டு ஆட்டம் ஆனதும் நோட்டில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, எதிரணி தொடர்ந்து புள்ளி எடுக்கத் தொடங்கியதிலிருந்து நீங்கள் ஏதாவது செய்யும் வரை எத்தனை பந்து போனது? முதல் மாதத்தில் 8 பந்து ஆன இடத்தில் இப்போது 4 ஆனால் கோச் வளர்கிறார் என்று அர்த்தம். இரண்டு, எந்த மாற்றம் பந்துக்கு எத்தனை புள்ளி தருகிறது? மேன்-டு-மேனில் எதிரணிகள் பந்துக்கு 1 புள்ளி எடுக்கின்றன, ஜோனில் 0.8 என்றால், ஓர் ஆட்டத்தில் சரியான 15 பந்துக்கு ஜோன் போட்டாலே 3 புள்ளி மிச்சம். மேலே சொன்ன அதே 3 புள்ளி. மூன்று, ஒரே மாற்றத்தையே திரும்பத் திரும்பச் செய்கிறீர்களா? பதற்றம் வந்தால் கை தானாக அதே ஆளை வெளியே கூப்பிடும். நோட்டு அதைக் காட்டிக்கொடுக்கும்.

இதோடு கூடைப்பந்துப் புள்ளியியல் நிபுணர் டீன் ஆலிவர் சொன்ன நான்கு அம்சங்களையும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குறித்து வையுங்கள்: ஷாட் துல்லியம், டர்னோவர், ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. இவற்றில் ஷாட் துல்லியத்துக்குத்தான் அவர் அதிக எடை கொடுத்தார். எதில் அடிபடுகிறோம் என்று தெரியாமல் எதை மாற்றுவது?

படி 4: துரதிர்ஷ்டத்தையும் குறையையும் பிரித்துப் பாருங்கள்

மாறத் தெரிவதில் பாதி, எப்போது மாறக்கூடாது என்று தெரிவது. எதிரணிப் பையன் ஒருவன், முகத்துக்கு நேரே கை இருக்கும்போதே மூன்று த்ரீ பாயின்டர் போட்டுவிட்டான். பெஞ்சில் எல்லோரும் கத்துவார்கள். ஆனால் அந்த ஷாட்டுகளைத்தான் நாம் அவனுக்குத் தர விரும்பினோம். இன்னும் பத்து போடச் சொன்னால் பெரும்பாலும் தவறவிடுவான். அதற்காகத் தற்காப்பையே கலைத்தால், அவன் நண்பர்களுக்கு லேஅப் கிடைக்கும்.

புள்ளியைப் பார்க்காமல் ஷாட்டைப் பாருங்கள். கூடைக்குக் கீழே தனியாக நின்று போட்டானா? மூலையில் ஆளே இல்லாமல் போட்டானா? அப்படி என்றால் அது குறை, உடனே மாற்றுங்கள். மறித்த கையைத் தாண்டிப் போட்டான் என்றால் இன்னும் இரண்டு மூன்று பந்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

2015 இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் கோச் ஸ்டீவ் கெர் காட்டிய பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், கிளீவ்லாந்திடம் 2-1 என்று பின்தங்கியிருந்தது. 4-வது ஆட்டத்தில் கெர், கூடைக்கு அடியில் ஆடும் உயரமான சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து, அந்த சீசன் முழுக்க பெஞ்சிலிருந்தே வந்த ஆண்ட்ரே இகுடாலாவைத் தொடக்க ஐவரில் இறக்கினார். ஆட்டம் தொடங்கியதும் கிளீவ்லாந்து 7-0. வேறொரு கோச்சாக இருந்தால் அந்த நிமிடமே பழைய அணிக்குத் திரும்பியிருப்பார். கெர் திரும்பவில்லை. அந்த ஆட்டத்தை 103-82 என்று வென்றார்கள், அடுத்த இரண்டையும் வென்று கோப்பை எடுத்தார்கள். இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது இகுடாலாவுக்கே போனது.

அந்த யோசனை யாருடையது தெரியுமா? உதவியாளர் குழுவில் இருந்த நிக் யூரென் என்ற இளைஞருடையது. முந்தைய வருட இறுதித் தொடரில் சான் அன்டோனியோ செய்த இதே மாதிரி மாற்றத்தை வீடியோவில் பார்த்துச் சொன்னார். உங்கள் அணியில் நோட்டு எழுதும் பிள்ளை சொல்வதையும் காது கொடுத்துக் கேளுங்கள். வயசு பார்த்து வாயை அடைப்பது நம் வீடுகளில் சகஜம், ஆனால் பெஞ்சில் அந்தப் பழக்கம் வேண்டாம்.

படி 5: கையில் என்னென்ன மாற்றம் இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

மாற்றங்களில் விலை குறைந்ததும் உண்டு, கூடியதும் உண்டு. ஆள் மாற்றம்தான் சுலபம். 2011 இறுதித் தொடரில் மயாமியிடம் 2-1 என்று பின்தங்கிய டல்லாஸ் கோச் ரிக் கார்லைல், 4-வது ஆட்டத்திலிருந்து குட்டையான ஜே.ஜே. பரேயாவைத் தொடக்கத்தில் இறக்கினார். வேகம் கூடியது, தொடர்ந்து மூன்றையும் வென்றார்கள். புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

ஐந்து பேரையும் ஷூட்டர்களாக இறக்குவது அடுத்தது. 2021-இல் கிளிப்பர்ஸ் கோச் டைரன் லூ, டல்லாஸிடம் 0-2, அடுத்து யூட்டாவிடம் 0-2 என்று இரண்டு முறை பின்தங்கினார். ஒரே பிளேஆஃபில் இரண்டு முறை 0-2-லிருந்து மீண்டு வென்ற அணி அதற்கு முன் என்பிஏ-வில் இல்லை. நிக்கோலா பத்தூமைச் சென்டர் இடத்தில் வைத்து, யூட்டாவின் பெரிய சென்டர் ரூடி கோபேரைக் கூடைக்கு அடியிலிருந்து வெளியே இழுத்தார். யூட்டா தொடரின் 6-வது ஆட்டத்தில் முதன்மை வீரர் கவாய் லெனர்ட் காயத்தால் இல்லை. அப்போதும் அதே திட்டம் நின்றது, டெரன்ஸ் மான் 39 புள்ளி அடித்தார்.

அப்புறம் தற்காப்பு முறை. பிக் அண்ட் ரோல் வரும்போது உங்கள் சென்டர் கூடைப் பக்கம் பின்வாங்கி நிற்பதை டிராப் என்கிறோம். லேஅப்பைத் தடுக்கும், ஆனால் தூரத்திலிருந்து போடத் தெரிந்தவனுக்கு இடம் கொடுக்கும். பக்ஸ் பல வருடம் நம்பியிருந்தது இதைத்தான். இரண்டு தற்காப்பாளர்களும் ஆளை மாற்றிக்கொள்வது ஸ்விட்ச். ஷூட்டருக்கு இடம் கிடைக்காது, ஆனால் உங்கள் சின்னப் பையன் அவர்கள் பெரிய ஆளோடு மாட்டிக்கொள்வான். 2020-21-இல் பக்ஸ் ஸ்விட்ச்சையும் சேர்த்துப் பழகியது.

நமக்கு மலிவான ஆயுதம் ஜோன். என்பிஏ-வில் தற்காப்பாளர் யாரையும் காவல் காக்காமல் கூடைக்கு முன்னுள்ள பெயின்ட் பகுதிக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. நாம் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில் அந்தத் தடை இல்லை, சென்டரைக் கூடைக்கு அடியிலேயே நிறுத்தலாம். டர்பனில் வெளியரங்கக் கான்கிரீட் கோர்ட்டில் கடல் காற்று அடிக்கும் நாளில் ஜோன் இன்னும் பலிக்கும், தூர ஷாட்டுகள் தவறும். அதே ஜோனை உள்ளரங்கில், நல்ல ஷூட்டர்கள் உள்ள அணியிடம் போட்டால் அடிவாங்குவோம். இடத்தைப் பார்த்துத்தான் முடிவு.

ஆள் சுழற்சியும் ஒரு மாற்றம்தான், நம் நாட்டில் அது பெரிய விஷயம். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம். என்-3 சாலையில் 570 கிலோமீட்டர் போல பஸ்ஸில் ஏறிப் போய் இறங்கி, அன்றே ஆடினால் 2-வது குவார்ட்டரிலேயே பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும். டர்பனில் ஏழு பேரை வைத்து ஆடும் கோச், அங்கே ஒன்பது பத்துப் பேரை ஆடவிட வேண்டும், கோர்ட் முழுக்க எதிரணியை நெருக்கும் பிரஸ்ஸைக் குறைக்க வேண்டும். இதை முன்கூட்டியே யோசித்தால் 4-வது குவார்ட்டரில் கால்கள் மிச்சமிருக்கும்.

படி 6: லீக்கிலேயே பழக்குங்கள்

பிளேஆஃபில் முதல் முறையாக ஒரு ஜோனை இறக்குவது, பரீட்சைக்கு முந்தைய ராத்திரி புத்தகத்தைத் திறப்பது போலத்தான். கெர் இகுடாலாவைத் தொடக்கத்தில் இறக்கியது எல்லோருக்கும் ஆச்சரியம். ஆனால் உயரம் குறைந்த அந்த ஐவர் அணி சீசன் முழுக்க அவ்வப்போது சேர்ந்து ஆடியதுதான். வீரர்களுக்கு அது புதிதில்லை, தொடங்கிய நேரம்தான் புதிது.

செய்யும் முறை: லீக்கை மூன்றாகப் பிரியுங்கள். முதல் மூன்றில் ஒரு பங்கில் முதன்மைத் திட்டத்தோடு ஒரே ஒரு இரண்டாவது திட்டம். ஒவ்வோர் ஆட்டத்திலும் 2-வது குவார்ட்டரின் முதல் ஐந்து நிமிடம் அதையே ஆட வேண்டும், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் சரி. 10 நிமிடக் குவார்ட்டரில் பாதி நேரம், நான்கு புள்ளி போனாலும் மீட்க அவகாசம் உண்டு. நடுப் பகுதியில் மூன்றாவது ஒன்றைச் சேர்க்கலாம். கடைசிப் பகுதியில் புதிதாக எதுவும் வேண்டாம். தெரிந்ததை எவ்வளவு வேகமாக மாற்றுகிறோம் என்பது மட்டும்தான் பயிற்சி. பட்டியலில் விளிம்பில் தொங்கும் அணியாக இருந்தால் மூன்றாவது திட்டத்தை மறந்துவிடுங்கள். இரண்டு நன்றாகத் தெரிந்தால் போதும்.

பயிற்சியில் நான் விரும்பும் ஓர் ஏற்பாடு: ஐவருக்கு எதிராக ஐவர், அரைக் கோர்ட், தொடர்ந்து 12 பந்து. ஒவ்வொரு மூன்று பந்துக்கும் கோச் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு சைகை காட்டுவார். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்ட் அதைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும், மற்ற நால்வரும் திருப்பிச் சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் சொல்லாவிட்டால் அந்தப் பந்துக்கு எதிரணிக்கு 2 புள்ளி. இரண்டு வாரத்தில் மாற்றம் தானாக நடக்கும். குரலைத் தமிழில் வையுங்கள்: ஒண்ணு என்றால் மேன்-டு-மேன், ரெண்டு என்றால் ஜோன், மூணு என்றால் ஸ்விட்ச். அணியில் இருக்கும் ஜூலு பேசும் பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், எதிரணிக்குப் புரியாது.

படி 7: டைம்-அவுட்டை வீணாக்காதீர்கள்

ஃபிபா விதியில் முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3 டைம்-அவுட். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். கடைசிக் குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் அதிகபட்சம் 2 மட்டும். முதல் பாதியில் மிச்சம் வைத்தால் அது பின்னால் வராது. என்பிஏ மாதிரி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே வீரர் கேட்க முடியாது. கோச்சோ உதவிக் கோச்சோ மேஜையில் கேட்க வேண்டும், ஆட்டம் நின்றபோதோ எதிரணி புள்ளி எடுத்தபோதோதான் கிடைக்கும். அதனால்தான் மேலே சொன்ன சைகை அவ்வளவு அவசியம். டைம்-அவுட் இல்லாமலே மாறத் தெரிந்தால், டைம்-அவுட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு நிமிடத்தில் கோச் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தால் பிள்ளைகளுக்கு எதுவும் ஏறாது. தண்ணீர் குடிக்கட்டும். உங்கள் முதல் வார்த்தை கேள்வியாக இருக்கட்டும்.

"என்ன பாத்தே?"

"கோச், அந்த 7-ம் நம்பர் இடது பக்கம் போகவே மாட்டேங்கிறான்."

"உறுதியா?"

"மூணு தடவையும் வலது பக்கம்தான் வந்தான்."

"சரி தம்பி, அப்போ வலதை அடைச்சுடு. பின்னாடி நிக்கிறவங்க இடது மூலைக்குத் தயாரா இருங்க. வேற எதுவும் மாறலை."

ஒரே ஒரு மாற்றம். வேறு எதுவும் மாறவில்லை என்று சொன்னதும் முக்கியம்தான், பிள்ளைகள் மனசு அமைதியாகும். கலைந்து போகும் முன் ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

2023-இல் எட்டாவது இடத்தில் நுழைந்த மயாமி, லீக்கில் முதலிடம் பிடித்த பக்ஸை 4-1 என்று வெளியேற்றியது. 5-வது ஆட்டத்தில் அரை விநாடி மட்டும் பாக்கி இருக்கும்படி, கோட்டுக்கு வெளியிலிருந்து கேப் வின்சென்ட் எறிந்த பந்தை ஜிம்மி பட்லர் காற்றிலேயே பிடித்துப் போட்டுச் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் வென்றார்கள். அந்த மாதிரி ஆட்டம் முன்பே பழகியிருந்தால்தான் கடைசி விநாடியில் கைகொடுக்கும். அதே ஆட்டத்தின் கடைசியில் டைம்-அவுட் கையில் இருந்தும் எடுக்கவில்லை என்று பக்ஸ் கோச் புடன்ஹோல்சர்மீது கடும் விமர்சனம் வந்தது. 2021-இல் கோப்பை வாங்கித் தந்தவர் அந்தத் தொடருக்குப் பிறகு பதவி இழந்தார். மாறத் தெரிந்த கோச் என்ற பெயர் ஒரு முறை வாங்கினால் நிரந்தரம் இல்லை, ஒவ்வொரு வருடமும் எதிரணியும் கற்றுக்கொள்கிறது.

படி 8: எல்லை எது என்று ஒப்புக்கொள்ளுங்கள்

2019 இறுதித் தொடரின் 2-வது ஆட்டம். வாரியர்ஸில் கெவின் டுரான்ட் இல்லை, கிளே தாம்ப்சனும் காயத்தில் வெளியே போனார். டொராண்டோ கோச் நிக் நர்ஸ் உடனே பாக்ஸ்-அண்ட்-ஒன் போட்டார்: ஒருவர் ஸ்டெஃப் கரியை ஒட்டிக்கொண்டே ஓட, மற்ற நால்வரும் சதுரமாக நின்று கூடையைக் காத்தார்கள். பள்ளி ஆட்டங்களில் பார்க்கும் முறை, என்பிஏ இறுதியில் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கும் மேலாக வாரியர்ஸுக்கு ஒரு புள்ளிகூட விழவில்லை. இருந்தும் அந்த ஆட்டத்தில் டொராண்டோ தோற்றது. தொடரைத்தான் 4-2 என்று வென்றார்கள்.

சரியான மாற்றம் செய்தும் தோற்கலாம். எதிரணியில் உங்களைவிடத் தலை உயரமும் திறமையும் கூடிய மூன்று பேர் இருந்தால், எந்தத் திட்டமும் 40 சதவீதத்தை 70 ஆக்காது, 45 ஆக்கலாம். உங்கள் முதன்மை ஆள் கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்தால் அதுவும் அப்படித்தான். இதைத் தெரிந்து வைத்திருந்தால் தோல்வியில் பிள்ளைகள்மீதோ உங்கள்மீதோ அநியாயமாகப் பழி போடமாட்டீர்கள்.

அளவுக்கு மீறி மாற்றுவதும் ஆபத்து. ஓர் ஆட்டத்தில் ஏழெட்டு முறை தற்காப்பை மாற்றினால் எதிரணி குழம்புவதற்கு முன் நம் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். குறிப்பாக 15, 16 வயசுப் பிள்ளைகளுக்கு ஒரு பாதிக்கு இரண்டு மாற்றம் போதும் என்பது என் கருத்து. ஒவ்வொரு மாற்றத்தின் முதல் இரண்டு பந்திலும் யாராவது ஒருவர் தவறான இடத்தில் நிற்பார், அந்த நஷ்டத்தையும் கணக்கில் சேருங்கள்.

படி 9: பிளேஆஃபுக்கு முந்தைய வாரம்

நோட்டை எடுத்து ஒரே ஒரு தாளில் சுருக்குங்கள். மேலே, நம் அணியின் இரண்டு திட்டங்களும் பந்துக்கு எத்தனை புள்ளி கொடுத்தன என்பது. நடுவில், அந்த எதிரணியின் இரண்டு பழக்கம்: எந்தப் பக்கம் அதிகம் போகிறார்கள், யாருடைய ஷாட்டை விட்டுக்கொடுக்கலாம். கீழே, மூன்று "இப்படி ஆனால் இதைச் செய்" வரிகள்: முதல் குவார்ட்டரில் 6 புள்ளி பின்தங்கினால் இது, நம் சென்டருக்கு மூன்றாவது ஃபவுல் விழுந்தால் இது, கடைசி இரண்டு நிமிடத்தில் 4 புள்ளி முன்னிலை இருந்தால் இது. ஃபிபாவில் ஐந்தாவது ஃபவுலோடு ஆள் வெளியே, ஆகவே நடு வரியை அலட்சியப்படுத்த வேண்டாம். மூன்றையும் பயிற்சியில் ஸ்கோர்போர்டில் நேரமும் புள்ளியும் போட்டு நிஜமாகவே ஆடிப் பாருங்கள்.

தாளைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். மாற்றம் எப்போது வரும் என்று முன்பே தெரிந்த பிள்ளை, உட்காரவைத்தாலும் முகம் சுருங்கமாட்டான். பெற்றோரிடமும் இரண்டு வார்த்தை சொல்லி வையுங்கள்: "உங்க பையன் இந்த ஆட்டத்தில் பத்து நிமிஷம்தான் ஆடலாம், அது தண்டனை இல்லை." சொல்லாமல் விட்டால் அரையிறுதி நடக்கும்போதே பெஞ்சுக்குப் பின்னால் யாராவது ஒரு மாமா வந்து நிற்பார்.

போட்டி முடிந்த வாரத்திலேயே, வென்றாலும் தோற்றாலும், நோட்டோடு பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுங்கள். எந்த மாற்றம் கைகொடுத்தது, எது புரியவே இல்லை என்று அவர்கள் வாயால் சொல்லட்டும். அதிலிருந்து அடுத்த சீசனுக்கு ஒரே ஒரு புதிய திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் முதல் பயிற்சியை அதிலிருந்தே தொடங்கலாம்.